பத்தொன்பது வெள்ளைச் சில்லுகள்

தக்கோராடி
11 ஆகஸ்ட் 1998, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கபென்லாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரும் உடம்புமாக இருக்கிறோம், மழை ஒருவழியாக விட்டது, என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் குழந்தையும் இத்தாலியில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். உன் தங்கை யாபா வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்றியிருக்கிறாள், அந்தப் பெருமையில் நாலு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. குழந்தைக்குக் காதில் எண்ணெய் விடாதே, இப்போது யாரும் விடுவதில்லையாம்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன் கபென்லா. உங்கள் நாற்காலி ஆலையில் அடுத்த வியாழக்கிழமை வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு என்றும், தயங்குகிற நம் ஊர்க்காரர்களிடம் "அறுபத்தெட்டு வேலைநிறுத்த ஓட்டை எங்கம்மாதான்டா எண்ணினாங்க, பசை அறைப் பொம்பளைங்களே வேணும்னு சிவப்பு போட்டாங்க, ஆம்பளைங்க உங்களுக்கு என்னடா நடுக்கம்" என்று கேட்டதாகவும் பெருமையாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். தொலைபேசிக் கடைக்குப் போய்ப் பேசலாம் என்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் காது முளைக்கும். உன்னோடு வேலை செய்யும் அமிஹேரே விடுமுறை முடிந்து நாளை விமானம் ஏறுகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம், வேலை போனால் அங்கே தங்குகிற அனுமதியும் போய்விடுமாம். "கபென்லாகிட்ட சொல்லாதீங்கம்மா, என்னைப் பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பான்" என்றான். சொல்லிவிட்டேன். அவனை நீ ஒன்றும் கேட்காதே.

இந்தச் சனிக்கிழமை நம் மரத்தொழிலாளர் சங்கக் கிளைக்கு நாற்பதாவது ஆண்டு விழா. பழைய கமிட்டியில் மிச்சம் இருப்பவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று கிளையின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆரம்ப வருஷங்கள் எளிதாகத்தான் வந்தன. கூட்டம் போடக்கூடாது என்று மேலாளர் தடுத்திருந்த காலம் அது, ஆனால் சாவு வீட்டுக்குப் போகாதே என்று இந்த ஊரில் எவன் சொல்ல முடியும், அதனால் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு எட்டாம் நாள் துக்கம் என்று கூடுவார்கள், குவாமே என்ற இல்லாத சித்தப்பா ஒருவர் அந்த வருஷம் மட்டும் நாலு முறை செத்தார். மேலாளர் ஒருமுறை துக்கத்துக்கென்று ஒரு பாட்டில் ஜின் அனுப்பினார், அதைக் குடித்துவிட்டு அவருக்கு எதிராகவே தீர்மானம் போட்டார்கள். ரம்பத்துக்காரர்களுக்குக் காலணி, விரல் போனவனுக்கு நஷ்ட ஈடு, பலகை ஒட்டுகிற பசை அறைக்குக் காற்றாடி என்று அப்போதே எழுதி வைத்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. இதுவரை எழுதிவிட்டேன். அறுபத்தெட்டாம் வருஷத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

நீ கேட்டுக் கேட்டு வளர்ந்த கதைதான். ஆளுக்கு இரண்டு மரச் சில்லு கொடுப்போம், வேலைநிறுத்தம் வேண்டும் என்றால் சிவப்பு மகோகனி, வேண்டாம் என்றால் வெள்ளை வாவா, ஒன்றை மூடிய கையோடு டின்னில் போட்டுவிட்டு மற்றதை மரத்தூளில் எறிந்துவிட வேண்டும். ஆலையில் தடிகளுக்கு எண் போடுகிறவள் என்பதால் எண்ணும் பொறுப்பு எனக்கு. சிவப்பு நூற்றுப் பதினேழு, வெள்ளை தொண்ணூற்றைந்து. மங்கிய விளக்கில் நான் எண்ணிச் சொன்னதும் கொட்டகையே அதிர்ந்தது.

மறுநாள் காலை அந்தச் சில்லுகளை அடுப்பு எரிக்க வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சில சிவப்புச் சில்லுகள் கையில் லேசாக இருந்தன. நகத்தால் கீறினேன், நகம் இறங்கியது, மகோகனியில் அப்படி இறங்காது. உள்ளே வெள்ளையாக இருந்தது. பசை அறைப் பெண்கள் கை கழுவக்கூட நேரமில்லாமல் வேலையிலிருந்து நேரே வந்தவர்கள், அந்தச் சிவந்த பசை காயாத கையில்தான் வெள்ளைச் சில்லை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மொத்தம் பத்தொன்பது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வேண்டாம் என்றவர்கள் நூற்றுப் பதினாலு பேர், வேண்டும் என்றவர்கள் தொண்ணூற்றெட்டுப் பேர். அப்போதுதான் ஆலை வாசலில் முரசு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள், ஓடிப்போய்ச் சொல்ல நேரம் இருந்தது. உன் அப்பாவுக்கு மூன்று விரல் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது, ஆலை ஒரு காசு தரவில்லை, எனக்கு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது மகனே, அவ்வளவுதான். அந்தப் பத்தொன்பதையும் உன்னைக் குளிப்பாட்ட வெந்நீர் வைத்திருந்த அடுப்பிலேயே போட்டுவிட்டேன்.

நாற்பத்தொரு நாள். ஜெயித்தோம், காலணி வந்தது, காற்றாடி வந்தது, அப்பாவுக்குப் பணம் வந்தது. ஆனால் பதினாலு பேரைத் திரும்ப எடுக்கவில்லை, அதில் ஆறு பேர் பசை அறைப் பெண்கள், அவர்களில் ஒருத்தி ஆலை வாசலில் மரவள்ளி அச்செக்கேயும் வறுத்த மீனும் விற்கிறாளே, அந்த அக்காசி. "நாங்க வெள்ளைதான் போட்டோம், எங்க வெள்ளையெல்லாம் எங்க போச்சு" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மற்ற பெண்கள் ஜெயித்த பிறகு தாங்களும் சிவப்பே போட்டதாகப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள், அவள் மட்டும் மாற்றவில்லை. ஊரே அவளை வெள்ளைக்கட்டை என்று கூப்பிட்டது. நீயும் சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடுவாய், நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நேற்று அவளிடம் போய்ச் சொன்னேன். இலையில் மீனை வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "உனக்கு எப்ப தெரியும்?" என்றாள். மறுநாள் காலையே தெரியும் என்றேன். வந்தவனுக்குப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, "முப்பது வருஷமா என்கிட்ட மீன் வாங்கித் தின்னுருக்க அபிபா" என்றாள். நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. "அழுகையை நிப்பாட்டு, வாடிக்கை ஓடிரும். சனிக்கிழமை மைக்கு இருக்கும்ல, அதுல சொல்லு" என்றாள். சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என்னைத் தோளில் தூக்கியவர்களின் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், என்ன செய்வார்களோ தெரியாது. யாபாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

நீ வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் முதலாளி எப்படிப்பட்டவன், நாற்காலிக்கு அடிக்கிற மருந்தின் புகை எவ்வளவு என்று உனக்குத்தான் தெரியும். ஆனால் என் பொய்யைக் காட்டி ஒருவனையும் வெட்கப்படுத்தாதே. வியாழக்கிழமை வாக்கெடுப்புக்கு முன்னால், அமிஹேரேயைப் பற்றியதை மட்டும் விட்டுவிட்டு, இந்தக் கடிதத்தை நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டு. என் பெயரை மறைக்காதே. உன் முகம் சிறுத்துப் போகும், என்னால்தான், மன்னித்துக்கொள். அதற்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் வேண்டும் என்றால் முன்னால் போய் நில், வேண்டாம் என்றால் மறுநாள் காலை அவர்களோடு சேர்ந்து வேலைக்குப் போ.

கடவுள் உன் வீட்டு வாசலைக் காக்கட்டும், மருமகளுக்கும் குழந்தைக்கும் என் முத்தங்கள். திட்டியாவது ஒரு கடிதம் போடு. அக்காசிக்கும் தனியாக ஒன்று எழுது, அவளை அக்காசி அத்தை என்று கூப்பிட்டு எழுது.

உன் அம்மா,
அபிபா