ஊர் பிறந்த நாளில் என் அடுப்பு

5-4-1981

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. மன்னிக்கணும் — யாரிடம் கேட்கிறேன்? எழுதுவதும் நான், படிப்பதும் நான். ஆனாலும் 'தவசி' என்று என் பேரை நானே எழுதிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. இந்த வயதில் முதியோர் பள்ளியில் படித்த எழுத்து.

9-4-1981

ஊர் உண்டாகி இருநூறு வருஷம். சித்திரைப் பௌர்ணமியில் விழா. முதலில் வந்தவர்கள் ஆட்டுக்கிடை போட்டு, மூன்று கல் கூட்டிக் கம்பஞ்சோறு பொங்கிய பொட்டலில் வீட்டுக்கு ஓர் அடுப்பு வைப்பார்கள். சுமங்கலி இல்லாத வீட்டுக்குக் கல் கிடையாது. என் வீட்டுக்காரி பெருமாயி போன தையில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விழாக் கமிட்டி சோலைராஜ் வந்தான். "நீரு எதுக்குத் தாத்தா சிரமப்படுதீரு? எங்க அடுப்புல வந்து சாப்பிடும்."

நல்ல பிள்ளை. தப்பாகச் சொல்லவில்லை. அப்படியானால் என் வீடு இந்த ஊரில் இல்லையா?

12-4-1981

இன்று ஆடுகளோடு மட்டும் பேசினேன்.

17-4-1981

நானே கல் வைப்பேன். கோவில்பட்டியில் புதுப்பானை வாங்கிவிட்டேன். பெருமாயி பானையை எடுக்க மனசு வரவில்லை.

19-4-1981

விடியுமுன் போய் வரிசையின் கடைசியில் கல் வைத்தேன். தரையில் சுண்ணாம்பால் 'தவசி பெருமாயி வீடு' என்று எழுதினேன். நின்று படித்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

உலை கொதிக்குமுன் பானை பிளந்துவிட்டது. புதுப்பானையைக் கழுநீர் ஊற்றிப் பழக்கணுமாம். எனக்கு யார் சொன்னா? தண்ணி பூராவும் அடுப்புல. ஒரே புகை. ஊரே பாக்குது. பேசாம வீட்டுலயே கெடந்திருக்கலாம்.

ஓரமாக நின்ற சங்கரம்மாள் தன் வீட்டுக்குப் போனாள். அவளும் புருஷனை இழந்தவள். அவள் வீட்டுக்கும் கல் கிடையாது. இடுப்பில் கரிபிடித்த பானையோடு திரும்பி வந்தாள். "தள்ளுங்க அண்ணாச்சி" என்று காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைச் சொருகி அடுப்பைப் பற்றவைத்தாள். சோலைராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"அணைஞ்ச அடுப்ப வச்சுக்கிட்டா ஊரு பொறந்த நாளக் கொண்டாடப் போறிய?" என்று கேட்டாள். அவன் விலகிக்கொண்டான்.

பொங்கியது.

தன் பங்கை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் வீட்டில் தனியாகச் சாப்பிட்டேன்.

22-4-1981

சங்கரம்மாள் பானையைத் தேய்த்துக் கொண்டுபோனேன். வெறுங்கையாகப் போகலாமா? என் தூக்குச்சட்டியில் ஆட்டுப்பாலும் கொண்டுபோனேன். சட்டியை வாங்கிவர நின்றேன்.

"வெறுஞ்சட்டியாவா குடுத்துவிடுவாக? இங்கன இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை கொண்டுவாரேன்" என்றாள்.

பெருமாயி போனபிறகு என் வாசலுக்கு யாரும் வருவதாகச் சொன்னதில்லை. பெருக்கி வைக்கணும். சட்டியில் என்ன வந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.