தட்டிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றவும்

சூலியா தெரு, பினாங்கு
1927, மார்ச்சு மாதம்

கண்ணியத்துக்குரிய என் மச்சான் அவர்களுக்கு, சுலைஹா ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் அது பொய். நீங்கள் சுகமா என்று கேட்டால் அது கேலி. ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தீவு ஆஸ்பத்திரியில் உங்கள் வார்டில் வேலை பார்க்கும் வாசு நேற்று கரைக்கு வந்தவன், வீட்டுக்கும் வந்தான். "அக்கா, அண்ணே சோத்தையே தொட மாட்டேங்குறாரு லா. செவுத்தப் பாத்துப் படுத்தே கெடக்குறாரு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றான். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னான். எனக்குத் தலாக் எழுதி அவன் கையில் கொடுத்தனுப்பப் போகிறீர்களாம். நான் நாகூருக்குப் போய் வேறு நிக்காஹ் செய்துகொண்டு நன்றாக இருக்க வேண்டுமாம். உங்களிடம் இதை யார் கேட்டது?

ஊரிலிருந்து வந்திருக்கும் என் நானாதான் எழுதிக் கேட்டிருப்பார். கூடப்பிறந்த அண்ணனாயிற்றே, தங்கைமேல் அக்கறை. "பெருநோய்க்காரன் வீட்டுல இனி ஒனக்கென்ன வேல? புள்ளயா, குட்டியா?" என்று காலையும் மாலையும் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறார். வெள்ளிக்கிழமை கப்பலுக்கு என் பெட்டியையும் கட்டி வைத்தார். நான் அதை அவிழ்த்துத் துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன்.

நாம் விற்கும் பூச்சட்டிகளைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். இல்லாவிட்டாலும் எழுதுவேன். எதிர்வீட்டு ஷரீஃபா, இந்த மண் சட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் பளபளவென்று சீனச் சட்டி வாங்கி வை, வெள்ளைக்காரத் துவான் வீட்டுக்காரர்கள் அதைத்தான் விரும்புவார்கள் என்கிறாள். நான் அசையவில்லை. அந்தச் சட்டி மழைத்தண்ணீரை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேரை அழுக வைக்கும், மண் சட்டி உடம்பெல்லாம் வியர்த்து வெளியே விட்டுவிடும் என்று நீங்கள் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். புதுச் சட்டிகளை ஒரு பகல் முழுவதும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்ட பிறகே மண் போடுகிறேன். வெளியே பூத்த உப்பைத் தேங்காய் நாரால் தேய்க்கிறேன்.

மச்சான், சட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே, இதற்குத் தண்ணீர் வேண்டும், இதற்கு வேண்டாம் என்று சொல்கிறவர் நீங்கள். போன மழையில் ரோஜாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழுகின. ஊறிக் கிடந்த சட்டிகளிலேயே நீங்கள் மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். நீங்கள் கையை விரித்துக் காட்டி, ஈரம் தெரியவில்லை சுலைஹா என்றீர்கள். விளையாடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு டாக்டர், பிறகு படகு.

இப்போது நான் ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். சட்டி வாங்கும்போது விரல் முட்டியால் தட்டி, விரிசல் இருந்தால் பொத்தென்றும் நல்லதானால் கணீரென்றும் கேட்கும் என்பீர்களே. செடி வைத்த சட்டியையும் நான் அப்படித் தட்டினேன். மண் ஈரமாக இருந்தால் பொத்தென்கிறது. காய்ந்திருந்தால் கணீரென்கிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. இதற்குக் கை எதற்கு மச்சான்? காது போதுமே! பின்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தீவிலிருந்து கடிதத்தைத் தவிர எதுவும் வெளியே வரக்கூடாதாம், உள்ளே போகலாமாம். ஆகையால் சின்னச் சட்டியில் எலுமிச்சைக் கன்று ஒன்றை வாசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். அடித்துளையில் ஓடு வைத்திருக்கிறேன். கூடவே ஓர் அகப்பைக் காம்பும் வரும், அதனால் தட்டுங்கள், விரலால் தட்டிக் காயப்படுத்திக்கொள்ளாதீர்கள். கணீரென்றால் மட்டும் ஊற்றுங்கள். அதைத் தட்டுவதற்காவது சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும்? திரும்பியதும் இரண்டு வாய் சோறு சாப்பிடுங்கள்.

நானா கப்பலில் தனியாகத்தான் போவார். அதில் மாற்றமில்லை. ஆனால் நீங்கள் தலாக் சொல்லிவிட்டால் நான் யாருடைய பெண்டாட்டி என்று படகுத்துறையில் நிற்பேன்? யாரைப் பற்றி வாசுவிடம் கேட்பேன்? நாளை நீங்கள் மவுத்தாகிவிட்டால்கூட உங்கள் விதவை என்று அழுவேன். அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அழுவதற்கும் எனக்குப் பாத்தியதை இல்லை. என்னை வாழவைப்பதாக நினைத்துக்கொண்டு என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒன்றையும் பிடுங்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

எழுத விரல் வராவிட்டால் வாசுவிடம் வாயால் சொல்லி அனுப்புங்கள். அல்லாஹ் உங்கள் கையின் உணர்வை எடுத்துக்கொண்டான். உங்கள் நாவையாவது எனக்காகக் காப்பானாக. அந்தச் சொல்லை மூன்று தடவை சொல்ல வாயெடுத்தால், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிப் பாருங்கள். பிறகும் முடிந்தால், சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
சுலைஹா