ஹஜ்ஜுப் பெருநாளில் பிறந்த விமானிக்கு இன்னும் ஆறு மாதம்

அனுப்புநர்:
கப்டன் பக்கீர் முகைதீன் முஹ்ஸின்,
கடற்கரை வீதி,
மருதமுனை, கல்முனை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
விமானிகள் அனுமதிப்பத்திரப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: எனது பிறந்த திகதி ஆறு மாதம் முந்திப் பதியப்பட்டிருப்பதும், அதனால் ஓய்வு வயது முந்தி வருவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் நாற்பது வருடங்களுக்கு மேலாகப் பயணிகள் விமானம் ஓட்டுபவன். அறுபத்தைந்து வயதெல்லையின்படி எதிர்வரும் 21.11.2026 அன்று என்னை இறக்கிவிட இருக்கிறார்கள். இந்த எல்லையை அறுபத்தேழாக்க வேண்டும் என்று உலகில் ஒரு சாரார் வாதாடுகிறார்கள், கூடாது என்று இன்னொரு சாரார். அந்த வாதத்தில் நான் எந்தப் பக்கமும் இல்லை. எல்லை ஒன்று வேண்டும். கண்ணும் கையும் எவருக்கும் ஒருநாள் தளரும். என் துணை விமானி வினோஜ் கப்டன் ஆசனத்துக்காக ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறார். அவருடைய வழியை மறித்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. என் வயதைச் சரியாக எண்ணுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன்.

2. நான் வீட்டில் பிறந்தவன். அன்று ஹஜ்ஜுப் பெருநாள். என் பிறப்பைப் பதிய வேண்டும் என்ற நினைப்பே வாப்பாவுக்கு வரவில்லை. 1977இல் மேற்படிப்புக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டார்கள். பெருநாளுக்கு மறுநாள் வாப்பா என்னைப் பதிவாளரிடம் அழைத்துப் போனார். "நேத்துப் பெருநாளோட மகனுக்குப் பதினாறு முடிஞ்சிற்று" என்றார். பதிவாளர் பெருநாள் திகதியான 21.11.1977இலிருந்து பதினாறு வருடத்தைக் கழித்து 21.11.1961 என்று எழுதினார். வாப்பா எண்ணியதோ பிறைக் கணக்கில் பதினாறு பெருநாள். பெருநாள் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும் என்பது இருவருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை. நான் பிறந்தது 15.05.1962.

3. இதற்கு அத்தாட்சி உண்டு. எங்கள் பள்ளிவாசல் செயலாளர் இஹ்ஸான் அண்மையில் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது, ஹிஜ்ரி 1381இன், அதாவது 1962 மே மாதத்து ஹஜ்ஜுப் பெருநாளின், குர்பான் இறைச்சிப் பங்கீட்டுப் பட்டியல் கிடைத்தது. அந்த வருடம் ஆளுக்கொரு பங்கு. எங்கள் வீட்டுக்கு நேரே ஐந்து என்று எழுதி, அடித்து, ஆறு ஆக்கி, "இன்று சுபஹுத் தொழுகை நேரம் பிறந்த ஆண் பிள்ளைக்கு ஒன்று" என்று குறித்திருக்கிறார்கள். பல் முளைக்காத எனக்குக் கிடைத்த அந்த ஒரு பங்கு இறைச்சிதான் இன்று என் சாட்சி. பிரதி இணைத்துள்ளேன். ஐயா சிரித்தாலும் குறையில்லை, நானும் சிரித்தேன்.

4. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 1979இன் கடைசியில் பதினெட்டு நிரம்பியவர்களை மட்டுமே பயிற்சிக்கு எடுத்தார்கள். கடதாசிப்படி எனக்குப் பதினெட்டு, உண்மையில் பதினேழரை. இரண்டு கணக்கும் ஒன்றல்ல என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அன்று வாங்கிக்கொண்ட ஆறு மாதத்தைத்தான் இன்று திருப்பிக் கேட்கிறேன் என்று நீங்கள் சொன்னால், ஓம், அது உண்மைதான்.

5. ஆறு மாதத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்பீர்கள். என் மனைவி சுல்பிகா இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. 1990இல் நிக்காஹ் முடிந்த வாரம், தான் ஏறும் முதல் விமானம் மக்காவுக்குப் போவதாகவும், அதை நான் ஓட்டுவதாகவும் இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன். பிறகு பிள்ளைகள் வந்தார்கள். பிறகு மாமி பதினொரு வருடம் படுக்கையில் கிடந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பும்போது சில நாட்களில் எங்கள் கரைக்கு மேலாகத்தான் வருவேன். கடலும் வெள்ளை மணலும் தெரியும், பிறகு ஊர். அங்கே எங்கள் மொட்டை மாடியில் சுல்பிகா நின்று பார்ப்பார். எந்த விமானத்தில் நான் இருக்கிறேன் என்று கீழே நிற்பவருக்கு எப்படித் தெரியும் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? போற பிளேனுக்கெல்லாம் கை காட்டுவன். ஒண்டுல நீங்க இருப்பீங்கதானே" என்றார்.

6. இப்போது சுல்பிகாவின் பெயர் 2027 ஹஜ் பட்டியலில் வந்துவிட்டது. தன் தம்பி முஸ்தாக்குடன் போகிறார். புறப்பாடு மே முதல் வாரம். உண்மைக் கணக்கில் எனக்கு அன்றும் அறுபத்து நான்குதான். எனக்கு அறுபத்தைந்து முடிவதும் அந்த ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டித்தான். பள்ளிவாசல் பட்டியல் கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில் என் வயதை மே மாதத்தை வைத்தே எண்ணுவதால், பெருநாள் வரை நான் ஓட்டுவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். நவம்பர் விடயத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

7. பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பித்துள்ளேன். அது நவம்பருக்குள் முடியாது என்கிறார்கள். ஆகவே என்னை அழைத்து விசாரித்து, வேண்டிய மருத்துவப் பரிசோதனை அனைத்தையும் மீண்டும் செய்து, அனுமதிப்பத்திரத்தை 15.05.2027 வரை நீடிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது இயலாதெனில், சுல்பிகாவையும் மற்ற ஹஜ் பயணிகளையும் ஏற்றி ஜித்தாவுக்குப் போகும் அந்த ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும்.

தங்கள் பதிலைத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுத் தொலைபேசியை எடுப்பவர் சுல்பிகா. பதில் 'இல்லை' என்றாகிவிட்டால், நவம்பருக்குப் பிறகு நானும் அவருக்குப் பக்கத்தில் மொட்டை மாடியில்தான் நிற்பேன். மேலே விமானம் போகும்போது அவர் கை காட்டுவாரா என்று எனக்குத் தெரியாது.

திகதி: 18.08.2026
இடம்: மருதமுனை

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) ப. மு. முஹ்ஸின்