வேட்டி முடிச்சோடு பார்த்த தேர்

கையை விடாத என் அப்பாவுக்கு,

இந்த வருஷமும் வில்லியனூர் தேருக்குப் போய் வந்தோம். நீங்கள் இல்லாமல் போன முதல் தேர். வண்டியைத் தம்பி ஏழுமலை ஓட்டினான். பின்னால் அம்மா, நான், என் மகள் குப்பு. நம் பண்டசோழநல்லூர் எல்லையைத் தாண்டினோம். உங்கள் அதட்டல் இல்லாத வண்டியில் எப்படிப் பேசிக்கொள்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

இன்னொரு சேதியும் இருக்கிறது. சைகோனிலிருந்து உங்கள் மருமகன் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். அங்கே சந்தையில் வரி தண்டுகிற வேலை நிலையாகிவிட்டதாம், வீடும் பார்த்துவிட்டாராம். ஆனி மாதக் கப்பலில் குப்புவை அழைத்துக்கொண்டு வா என்கிறார். முன்பு அவர் கூப்பிட்டபோதெல்லாம் நீங்கள் சொன்ன பதில் ஒன்றுதான். "என் கண்ணு மூடட்டும், அப்பறம் எங்க வேணா போங்க." இப்போது கண்ணையும் மூடிவிட்டீர்கள். பிறகு நான் ஏன் இன்னும் பெட்டி கட்டவில்லை?

அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்.

சின்ன வயதில் மற்ற பிள்ளைகள் தேருக்குப் புதுப் பாவாடையோடு வருவார்கள். நானும் தம்பியும் உங்கள் பழைய வேட்டியோடு வந்தோம். மாட்டை அவிழ்த்ததும் அதை முறுக்கி, ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டுவீர்கள், நடுவில் என் இடுப்பு, மறுமுனை உங்கள் கையில். அவனுக்கு ஒன்றுக்கு வந்தால் நானும் கூடப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு தடவை சிவப்புத் தொப்பிச் சிப்பாய் நம்மை மறித்து, "இன்னா பெரியவரே, சந்தைக்கு ஓட்டிகினு போறியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவே இல்லை. "விக்கறதுக்கு இல்ல சாமி" என்று சொல்லிவிட்டு முடிச்சை இன்னும் இறுக்கினீர்கள்.

குடைராட்டினத்துக்காரன் மட்டும் அதற்கு மசியவில்லை. "கட்டோட ஏத்த மாட்டேங்க. சிக்கிகிச்சின்னா இன்னா பண்றது?" என்றான். மரக்குதிரை மேல் ஏறியே தீருவேன் என்று நான் மண்ணில் புரண்டு அழுதேன். கடைசியில் முடிச்சை அவிழ்த்து என்னைக் குதிரை மேல் வைத்தீர்கள். ஆனால் விட்டீர்களா? தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, என் கணுக்காலைப் பிடித்தபடி ராட்டினத்தோடு சேர்ந்து ஓடினீர்கள். ஊர் சனம் ராட்டினத்தை விட்டுவிட்டு உங்களை வேடிக்கை பார்த்தது. நின்றதும் தலை சுற்றிப் பொரிக்கடைக்காரியின் கூடை மேல் போய் உட்கார்ந்தீர்கள். அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டே, "நல்லா இருந்துச்சாம்மா?" என்று மூச்சு வாங்கக் கேட்டீர்கள். தலையாட்டினேன். குதிரை ஓடினதே எனக்குத் தெரியவில்லை, அப்பா. உங்கள் பிடி மட்டும்தான் தெரிந்தது.

எல்லாம் சித்தப்பாவால் வந்த வினை. நான் பிறப்பதற்கு முன்னால் உங்களோடு இதே தேருக்கு வந்தவர் வீடு திரும்பவே இல்லை. "தம்பியத் தொலச்சிட்டு வந்து நிக்கிறியே" என்று தாத்தா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். மீசை முளைத்த ஆள் எப்படித் தொலைவார்? அம்மா ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டாள். "தேர் பாக்கப் போற ஆளு மாத்துத் துணிய ஏன் எடுத்துகினு போவணும்? அவுரு தொலையல, கப்பலேறிப் பூட்டாரு." அன்றைக்கு நீங்கள் சோற்றைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது.

அவ்வளவு பயந்த மனுஷர் ஏன் ஒரு வருஷம்கூடத் தேரை விடவில்லை என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. வடம் நகர்ந்ததும் எல்லோரும் அண்ணாந்து தேரைப் பார்ப்பார்கள். நீங்கள் மட்டும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். எங்களுக்கு வேடிக்கை காட்டவா கூட்டிப்போனீர்கள்? தேடத்தானே போனீர்கள்?

எனக்கு வீட்டோடு மாப்பிள்ளை பார்த்ததும் அந்தப் பயத்தில்தான். பாவம், அவர் கரும்புக் கொல்லைக்குப் போனாலும் எங்கே என்பீர்கள், குளத்துக்குப் போனாலும் எப்போது வருவாய் என்பீர்கள். "உங்கப்பா என்னயும் சேத்துக் கட்டிட்டாருடி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். போகப் போகச் சிரிப்பு நின்றது, ஒருநாள் கப்பலேறினார். குப்பு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். அப்பா எப்படி இருப்பார் என்று இப்போது அவளாகவே ஒரு முகத்தைச் சொல்லிக்கொள்கிறாள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, அப்பா. என் பிள்ளையை அவள் அப்பாவிடமிருந்து பிரித்து வைத்தது நீங்கள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் நீங்கள். இதில் நான் எதை நினைத்து உங்களைத் திட்டுவது?

இந்தத் தேரில் நடந்ததைச் சொல்கிறேன். வண்டியை விட்டு இறங்கியதும் என் கை தானாக முந்தானையை எடுத்துக் குப்புவின் மணிக்கட்டில் முடிந்தது. "அவுத்து வுடும்மா, வலிக்குது" என்றாள். அவிழ்க்கவில்லை. ஏழுமலை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பேரீச்சம்பழக் கடையில் பேரம் பேசிவிட்டுத் திரும்பினால் முந்தானை வெறுமனே தொங்குகிறது. கத்திக்கொண்டு ஓடினேன். எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் குப்பு மாதிரியே இருந்தது. நீங்கள் வருஷா வருஷம் எப்படி அங்கே நின்றீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

குடைராட்டினத்தின் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

"எங்கடி தொலஞ்ச?"

"நான் எங்க தொலஞ்சேன்? ராட்டினம் பாக்க வந்தேன். உன்னாண்ட சொல்லிட்டுத்தாம்மா வந்தேன். நீதான் காதுல வாங்கல."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. சித்தப்பாவும் உங்களிடம் சொல்லியிருப்பாரோ? மேளச் சத்தத்தில் உங்கள் காதில் விழாமல் போயிருக்குமோ? இல்லை, விழுந்தும் விழாத மாதிரி இருந்துவிட்டீர்களா?

பின்னாலேயே ஓடி வந்த அம்மா, "புள்ளைய ஏத்தி வுடு. தனியா சுத்திட்டு வரட்டும்" என்றாள். ஏற்றிவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் அவள் அந்தப் பக்கம் மறையும்போது உங்களைப் போலக் கூடவே ஓடத்தான் தோன்றியது. நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எத்தனை தடவை மறைந்தாலும் இந்தப் பக்கம் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏழுமலையிடம் சொல்லிவிட்டேன். எங்களைக் கப்பலேற்றிவிடப் புதுச்சேரி வரைக்கும் அவனே வருகிறான். அம்மா முறுக்கு சுட மாவு இடிக்கிறாள், இடையிடையே கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயந்துகொண்டேதான் போகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கப்பலை விட்டு இறங்கியதும் அம்மாவுக்கு எழுதுவேன், அதற்குப் பிறகும் விடாமல் எழுதுவேன். என் முகத்தைத் தேடிக்கொண்டு நம் வீட்டு ஆள் யாரும் கூட்டத்தில் நிற்கும்படி வைக்க மாட்டேன். எந்தச் சத்தமும் இல்லாத நேரமாகப் பார்த்து, உங்கள் காதில் விழும்படி சொல்கிறேன். போய் வருகிறேன், அப்பா.

உங்கள் மூத்த பிள்ளை,
அஞ்சலை