கட்டுத்தறிக்கு விளக்கு

ஆவணி 3, செவ்வாய்

காத்து. விடிஞ்சதிலிருந்து மேக்கால ஒரே காத்து. வாசல் கூட்டி அள்ளறதுக்குள்ள மறுபடி புழுதி. சுண்ணாம்பு அடிக்கிற ஆளுக உள்ளயும் வெளியவும். விருந்தாளி உக்கார்ற முன்கட்டு ஆசாரத்துச் செவுத்துக்கு நீலம் கலந்து அடிச்சாச்சு. தூணுக்குப் பச்சைப் பெயிண்ட். சாமி படமெல்லாம் இறக்கித் துடைச்சு, பின்னால இருந்த பல்லி முட்டையைச் சுரண்டி, மறுபடி மாட்டினது நானும் மாராயியும். மாராயி ஊட்டு வேலைக்கு வர்றவ. நான் வாய்க்குள்ள முழுங்கறதையெல்லாம் அவ வெளிய பேசிருவா.

சமையல்கட்டுக்கு மட்டும் வெள்ளை இல்லை. கேட்டேன். "அங்க யாரு வந்து பாக்கப் போறாங்க?" இது வீ.கா. (வீ.கா. = வீட்டுக்காரர். முழுசா எழுத இன்னைக்கு மனசில்லை.)

எல்லாம் கரண்டுக்காக. மலை மேல இருக்கற பைக்காராவிலிருந்து கம்பியில வருதாம். துடியலூர்ல நம்ம பக்கம் எங்க ஊட்டுக்குத்தான் மொதல்ல. அவருக்குத் தரையில காலு பாவலை. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொந்தபந்தம் பூரா கூப்பிட்டு, சுவிட்சுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு, லைட்டைப் போட்டு, விருந்து. விருந்து சமைக்கறது யாரு? நான்.

வயர்மேன் வந்தார். பீளமேட்டுக்காரர், சின்ன வயசு, காக்கி அரை டவுசர். ஏணி, மரச்சட்டம், ஒரு சாக்குப்பை நிறையச் சாமான். "எங்கெங்கீங்க லைட்டு?"ன்னார். வீ.கா. விரலை மடக்கினார். வாசல். ஆசாரம். கணக்கு எழுதற ரூம். கட்டுத்தறி.

கட்டுத்தறி! மாடு கட்டற எடம்!

"சமையலுக்குங்க?" அந்த வயர்மேன்தான் கேட்டார், பாவம். நான் மோர்ச்சொம்போட கதவுக்குப் பின்னால.

"அங்கெதுக்கு? புகையில பல்பு கறுத்துப்போயிரும். பொம்பளைக ஈரக்கையோட சுவிட்சைத் தொட்டா அது வேற வம்பு."

மோரை வெச்சுப்போட்டு வந்துட்டேன். உப்புப் போடலை. வேணும்னேதான்.

ஆவணி 4, புதன்

காத்து குறையலை. கொள்ளுப்பருப்பு, அவரைக்காய். தயிர் புளிச்சுப்போச்சு. கோதுமை காயப்போடலை.

அந்தக் கட்டுத்தறி லைட்டு ராசாவுக்கு. ராசா காங்கயம் காளை. அழகுதான், இல்லைங்கலை. பருத்திக்கொட்டை ஆட்டி வீ.கா. தன் கையாலயே ஊட்டறார். கொம்புக்கு எண்ணெய், கழுத்துக்குச் சலங்கை. "சாப்ட்டியா கண்ணு?"ன்னு அதுகிட்ட கேக்கறார், என் காதால கேட்டேன். எங்கிட்ட அந்தக் கேள்வி கல்யாணமான நாளா இல்லை.

சோத்துல கல்லு இன்னைக்கு. கடிச்சுட்டார். தட்டத்தை நகத்திப்போட்டு, "கண்ணு எங்க வெச்சிருக்கே?"

கண்ணு மூஞ்சியிலதான் இருக்குது. வெளிச்சம்தான் கட்டுத்தறிக்குப் போயிருச்சு. சொல்லலை. வாய் வரைக்கும் வந்துது. எங்க சமையல்கட்டுக்கு ஒரு சன்னல் உண்டா? மேல ஒரு புகைக்கூண்டு, பின்னால விறகு கொண்டார ஒரு கதவு. நடு மத்தியானமே சீமெண்ணெய் விளக்கு வேணும். அதுல அரிசி பொறுக்கினா கல்லும் அரிசியும் ஒரே நெறம்.

கை கழுவ வந்தப்ப நல்லபடியாத்தான் கேட்டேன். "ஏனுங்க, சமையல்கட்டுக்கும் ஒண்ணு போட்டுருங்களே. மிச்சம் ஒரு பல்பு இருக்குது, ஐயா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு வயர்மேனே சொல்றாருங்க."

"நீ கண்ணை மூடிக்கிட்டே சமைப்பியே புள்ள. உனக்கெதுக்கு?"

பாராட்டறாராம். சிரிச்சுக்கிட்டே வேற. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

ஆவணி 6, வெள்ளி

பாதம் எரியுது. ஆனாலும் எழுதிப்போடணும்.

மையி வெந்துபோச்சு. மையி எங்க பூனை. கன்னங்கரேல்னு இருக்கறதால மையி. சமையல்கட்டு எலியெல்லாம் அவ கணக்கு. வீ.கா.வுக்கு அவளைக் கண்டா ஆகாது, கருப்புப் பூனை தரித்திரம்பார்.

காலையில சோறு வடிக்கப் பானையைச் சாய்க்கறேன். காலுக்குக் கீழ அவ வந்து படுத்திருக்கா, இருட்டுல இருட்டா. எனக்குத் தெரியவேயில்லை. கொதிக்கிற கஞ்சி முழுக்க அவ முதுகுல. அந்தக் கத்தல்! பானையை விட்டுட்டேன். என் பாதத்துலயும் கொட்டிருச்சு. அது கிடக்கட்டும். மையி விறகுக்குப் பின்னால போய்ப் பதுங்கிட்டா, கூப்பிட்டாலும் வரலை.

சத்தம் கேட்டு வீ.கா. வந்தார். நான் காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவர் கேட்ட மொதல் வார்த்தை: "சோறு பூராக் கொட்டிருச்சா?"

ஆமா. பூராக் கொட்டிருச்சு.

மாராயிதான் கத்தாழை வெட்டிட்டு வந்தா. "எம் பொழப்புத்தான் இருட்டுல போகுதுன்னு நெனச்சேன், உங்க பொழப்பும் அப்படித்தானுங்களா அம்மணி"ன்னா. ரெண்டு பேரும் அழுதோம். எனக்கு அழுகையைவிடக் கோவம்தான் அதிகம். இப்பவும்.

ஆவணி 8, ஞாயிறு

கம்பி எல்லாம் இழுத்தாச்சு. சாயங்காலம் வயர்மேன் சும்மா போட்டுப் பாத்தார். ஆசாரம் பளிச்சுனு. நீலச் செவுரு நல்லாத்தான் இருக்குது. வயிறெரிஞ்சாலும் சொல்லணுமில்ல.

அப்புறம் கட்டுத்தறி. வீ.கா. பெரிய ஆர்வத்தோட போனார், ராசா பழகட்டும்னு. லைட்டைப் போட்டதும் ராசா தலையைத் தூக்கி அந்தப் பல்பையே பாக்குது. கண்ணை உருட்டுது. தாழியில வெச்ச பருத்திக்கொட்டையைத் தொடலை. படுக்கவும் இல்லை. கயித்தை இழுத்து இழுத்துக் கழுத்தே செவந்துபோச்சு. "இல்ல கண்ணு, இல்ல கண்ணு"ன்னு வீ.கா. தடவறார். கடைசியில ஒரு கோணிச்சாக்கைப் பல்பு மேல தொங்கவிட்டார். இருட்டாச்சு. உடனே படுத்துருச்சு.

மாட்டுக்குப் புத்தி இருக்குது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருது, கேக்கறதுக்கும் ஒரு ஆளு இருக்குது.

ஆவணி 10, செவ்வாய்

செய்ய வேண்டியது: பச்சரிசி ஊறவெக்க. இடியாப்பச் சந்தகை புழிய அரிசி தனியா. தேங்காய் உரிக்க. வெல்லம் தட்ட. வாழையிலைக்குச் சொல்ல. வாசத்தூணுக்கு மாவிலை. என் பாதத்துக்கு எண்ணெய் (தீந்துபோச்சு).

மையி விறகை விட்டு வெளிய வந்தா. பால் குடிச்சா. தொட விடலை, வெளிச்சத்துக்குத் தூக்கிட்டுப் போகவும் விடலை. முதுகுல எவ்வளவு வெந்திருக்குதுன்னு விளக்கைக் காட்டிப் பாத்தேன், ஒண்ணும் தெரியலை, கருப்புதான் தெரியுது.

நாத்தனார் வந்தாச்சு, அவிநாசியிலிருந்து. அவரோட அக்கா. ஆசாரத்து லைட்டுக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காந்து எந்திரிக்கவே இல்லை.

மறுபடி கேட்டேன். அவங்க முன்னாலயே கேட்டேன். "ஏனுங்க, கட்டுத்தறி லைட்டு சாக்குக்குள்ளதானுங்களே இருக்குது. அதைக் கழட்டி உள்ள மாட்டிப்போடலாமில்லீங்க?"

"நீ என்ன பேசறே? கட்டுத்தறிக்கே லைட்டுப் போட்ட ஊடுன்னு மேட்டுப்பாளையம் வரைக்கும் பேச்சு. வெள்ளிக்கிழமை எல்லாரும் அதைத்தான் பாக்க வாராங்க."

நாத்தனார்: "எங்கூட்டுல ஒரு லைட்டுக்கே வழியில்லை. உனக்கு அடுப்படிக்கு வேணுமாக்கும்!"

அதாவது எரியாத லைட்டு மாட்டுக்கு. எரியற அடுப்பு எனக்கு. நல்லா இருக்குதுங்க நியாயம்.

ஆவணி 12, வியாழன்

கச்சாயம் கொஞ்சம் சுட்டுப் பாத்தேன். வெல்லம் போட்ட மாவு, எண்ணெயில போட்டுச் செவக்கற நேரத்துல எடுக்கணும். செவந்துதா கருகுச்சான்னு அந்த விளக்குல எவ தெரிஞ்சுக்குவா? பாதி கரி. நாத்தனார் ஒண்ணைக் கடிச்சுட்டுக் கீழ வெச்சாங்க. "கை மறந்துபோச்சா உனக்கு?"

வெளிய கல்லுக் கூட்டிச் சமைக்கலாம்னா இந்தப் பாழாப்போன காத்து அடுப்பை நிக்க விடாது.

கட்டுத்தறிக்கு மேக்கால முழுச் செவுரு. காத்து வராது.

மாராயிகிட்ட மட்டும் சொன்னேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா.

ஆவணி 14, சனி

நேத்து எழுத நேரமில்லை. இன்னைக்கு எழுதறேன். வீ.கா. எங்கிட்டப் பேசாததால நேரம் நிறைய இருக்குது.

நேத்து மத்தியானம் வீ.கா. முன்வாசல்ல தோரணம், நாற்காலி, சந்தனக் கும்பான்னு அலையறார். பின்பக்கம் எட்டிக்கூடப் பாக்கலை. நானும் மாராயியும் ராசாவை அவுத்தோம். கொம்பு கதவுல இடிக்காம தலையைப் பக்கவாட்டுல திருப்பி, பின்கதவு வழியா சமையல்கட்டுக்குள்ள ஓட்டி, உரல் பக்கத்துல கட்டிப்போட்டோம். என்ன தப்பு? புது ஊடு புகுந்தா மாட்டைத்தானே மொதல்ல உள்ள விடறோம்? அது பாட்டுக்குப் படுத்துக்கிச்சு, அத்தனை நிம்மதி.

கட்டுத்தறியை வழிச்சுக் கழுவி, வைக்கோலை வெளிய தள்ளி, சாணி போட்டு மெழுகினோம். அடுப்புக் கூட்டினோம். தாழி மேல பலகை போட்டுப் பாத்திரம் வரிசையா. நடுவுல ஒரு கோலம்கூடப் போட்டேன். சாக்கைக் கழட்டி எறிஞ்சேன்.

பொழுது சாஞ்சுது. நல்ல நேரம் பாத்து ஆசாரத்துல அவர் மெயின் சுவிட்சைப் போட்டார். எல்லாரும் "ஆஆ"ன்னாங்க. அதே நேரம் என் தலைக்கு மேலயும் எரிஞ்சுது. எண்ணெய்ச் சட்டி உள்ளுக்குள்ள அடி வரைக்கும் தெரிஞ்சுது. மாராயி கையெடுத்துக் கும்பிட்டா. கச்சாயம் ஒண்ணொண்ணும் பொன்னு மாதிரி எடுத்தேன், ஒண்ணுகூடக் கருகலை.

அப்புறம் அவர் சத்தம், கூட்டத்தோட வாரார். "வாங்க, வாங்க, வெளக்கு மட்டும் பாத்துட்டுப் போனா எப்படி? எங்க ராசாவைப் பாருங்க!"

வந்து நின்னாங்க. நான் சட்டியை விட்டுத் தலையைத் தூக்கலை.

"ஏனுங்க, எல்லாரும் வாங்க. கச்சாயம் சூடா இருக்குது."

"ராசா எங்கே?"

"சமையல்கட்டுலீங்க. அதுக்கு வெளிச்சம் ஆகறதில்லீங்களே. அங்க நல்லா இருட்டுங்க. தூங்குது."

நான் அடுத்த கச்சாயத்தை எண்ணெயில விட்டேன். மொதல்ல சிரிச்சது நாத்தனார். யாரு எதிர்பார்த்தா! சிரிச்சு, புரையேறி, சேலையில கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதோட எல்லாரும். வீ.கா. மூஞ்சியில ஈயாடலை. விறுவிறுன்னு ராசாவை அவுக்கச் சமையல்கட்டுக்குப் போனார். உள்ள டமார்னு ஒரு சத்தம். "அம்மா!" ஆட்டாங்கல்லுல முழங்கால்.

"யாராச்சும் ஒரு விளக்கைக் கொண்டாங்க! இங்க ஒண்ணுமே தெரியலை!"

நான் போகலை. கையில மாவு.

விருந்து நல்லா இருந்துதுன்னு எல்லாரும் சொல்லிட்டுப் போனாங்க. சந்தகை மிச்சமே இல்லை.

ஆவணி 16, திங்கள்

காத்து நின்னுருச்சு. புழுக்கம்.

காலையில ஏணிச் சத்தம். வயர்மேன். என்னைப் பாத்துத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சார். நாத்தனார் நேத்து ஊருக்குக் கிளம்பறப்ப தம்பிகிட்ட என்னவோ சொல்லிட்டுப் போயிருக்காங்க. சமையல்கட்டுக்குப் பல்பு! வீ.கா. நொண்டிக்கிட்டே வந்து, "இப்ப திருப்திதானே?"ன்னார். மூணு நாளைக்கப்புறம் மொதல் பேச்சு. எனக்கும் மனசு கொஞ்சம் எளகிப்போச்சு, பொய் சொல்லக்கூடாது.

சுவிட்சைத் தேடினேன். செவுத்துல இல்லை. கதவோரம் இல்லை.

சுவிட்சு ஆசாரத்துல. அவர் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்துல. "ஈரக்கை"யாம். வேணுங்கறப்ப குரல் குடுத்தா அவர் போடுவாராம்.

சாயங்காலம் குரல் குடுத்தேன். "ஏனுங்க, லைட்டு." போட்டார். இத்தனை வருசம் சமைச்ச எடத்தை இன்னைக்குத்தான் பாத்தேன். செவுரு பூராப் புகைக்கரி, கை வெச்சா ஒட்டுது. மூலையில ராசா போட்ட சாணியில மிச்சம் இன்னும் கிடக்குது. இதுக்குள்ளதான் இருந்திருக்கேன்.

மையியை மடியில போட்டு முதுகைப் பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது. இவ்வளவா? கழுத்திலிருந்து வாலு வரைக்கும் முடியே இல்லை, தோலு உரிஞ்சு, ஓரமெல்லாம் சீழ். இத்தனை நாளா அந்த இருட்டுக்குள்ள இதோடதான் என் காலைச் சுத்திக்கிட்டு இருந்திருக்கா. தேங்காயெண்ணெயில மஞ்சளைக் குழைச்சு மெதுவா, மெதுவா வெச்சுக்கிட்டு இருக்கேன். முனகினா, ஆனா நகரலை. பாதி முதுகுக்குக்கூட வெச்சு முடிக்கலை.

லைட்டு அணைஞ்சுது.

"ஏனுங்க!" இன்னும் சத்தமா, "ஏனுங்க!" சாப்பாடு முடிஞ்சுது, இனி உள்ள என்ன வேலைன்னு அவரே அணைச்சுப்போட்டுப் படுக்கப் போயிட்டார்.

இதை வாசல் லைட்டுக்குக் கீழ உக்காந்து எழுதறேன். மையி மடியில. மீதி மருந்து இங்கதான் வெச்சேன், கொசுக்கடியில.

விடியட்டும். அடுப்புக்கல்லு மூணையும் தூக்கிட்டுப் போய் ஆசாரத்துல, அந்த சுவிட்சுக்கு நேர் கீழ கூட்டறேன். பச்சை விறகாப் பாத்து வெக்கறேன். அந்த நீலச் செவுரு எத்தனை நாளைக்கு நீலமா இருக்குதுன்னு பாக்கலாம்.