வாசல் ஆணியில் ஒரு சட்டை

மார்ச் 4

என் செல்லக் கண்ணுக்கு,

எனக்குக் கால்வலி மட்டும்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

அப்பா போய் நாலு மாதம். உங்கள் கம்பெனியிலேயே பெயிண்ட் கலக்கும் கூடத்தில் இருபத்தாறு வருஷம் மூச்சு விட்ட மனுஷன், கடைசியில் ஒரு மூச்சுக்குக் கெஞ்சினார். அந்த நாற்றம் தாங்காமல், வேலைச் சட்டையை வாசல் ஆணியிலேயே மாட்டச் சொல்வேன். "நம்ம விஞ்ஞானி கண்டுபிடிச்ச நாத்தமில்லாத பெயிண்ட் வரட்டும்டி, அப்புறம் நீயே வந்து கட்டிக்குவ" என்று சிரிப்பார். விஞ்ஞானி நீதான்.

உங்கள் கம்பெனி மேலும் எதிர்க் கம்பெனி மேலும் ஏதோ கேஸாமே? உனக்கு ஒன்றுமில்லையே? அப்பாவை எடுத்த அன்று போனவன்தான், திரும்ப வரவே இல்லை. ஏன்ப்பா?

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மா,

எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நுரையீரலைக் கெடுக்கும் அந்த நாற்றம் இல்லாத பெயிண்ட் ஐந்து வருஷத்துக்கு முன்பே தயார். எதிர்க் கம்பெனியிடமும் அப்படி ஒன்று இருந்தது. செலவு கூடும் என்று இரண்டு முதலாளிகளும் பேசி, யாரும் வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். எதிராளிகள் இப்படிக் கைகோத்துக்கொள்வது போட்டிச் சட்டப்படி குற்றம். உண்மையாகவே போட்டி இருந்திருந்தால் யாராவது ஒருவர் முந்தியிருப்பார். அந்தக் கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அப்பா போனில் கேட்டபோதெல்லாம் "இன்னும் டெஸ்ட் நடக்குதுப்பா" என்றேன்.

விசாரணை ஆபீசரிடம் முதலில் போய் ஒப்புக்கொள்கிற கம்பெனிக்கு அபராதம் கிடையாது. எங்கள் கம்பெனி முந்திக்கொண்டது. நடந்ததை நானும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெயிண்ட் அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. உனக்கு ஒரு டின் அனுப்பியிருக்கிறேன்.

வரட்டுமா, அம்மா?

உன் மகன்

ஏப்ரல் 2

மகனுக்கு,

டின் வந்தது. வாசல் கதவுக்கு நானே அடித்தேன். மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தேன், நாற்றமே இல்லை. நன்றாகத்தான் செய்திருக்கிறாய்.

முதலில் ஒப்புக்கொண்டால் சட்டம் விட்டுவிடும் என்கிறாய். சட்டத்துக்கு என்ன, அது புருஷனைப் பறிகொடுக்கவில்லை. ஆபீசரிடம் சொன்னதை அப்பாவிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். உன் பெயிண்ட் வரும் வரும் என்றுதான் அந்த வேலையை விடாமல் இருந்தார்.

அவர் சட்டையை நான் துவைக்கவில்லை. எந்த நாற்றத்தை வாசலிலேயே நிறுத்தினேனோ, அதைத்தான் இப்போது தலையணையில் விரித்துப் படுக்கிறேன். எனக்கு மிச்சம் அதுதான்.

உன்னை மன்னிக்க முடியுமா, தெரியவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வா. வந்ததும் அந்தச் சட்டையை முகர்ந்து பார். அப்புறம் பேசலாம்.

சீக்கிரம் வா. நாற்றம் குறைந்துகொண்டே வருகிறது.

அம்மா