வாளியில் போட்ட சாவி

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் தங்கையும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஸ்டியரிங் மேலேயே தூங்காமல் நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கண்ணாடி உடைந்துவிட்டது, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (கண்ணாடி தானாக உடையவில்லை அண்ணா, மேலே உட்கார்ந்தது யார் என்று அவரையே கேள்.) அவள் இடையில் எதையாவது நுழைத்தால் கண்டுகொள்ளாதே.

லாரிப் பேட்டையில் ஒன்பது நாளாக ஒரு வண்டியும் நகரவில்லை. சிமெண்டு லோடுக்குப் புரோக்கர் புதிதாக ஒரு வாடகை சொன்னான், அதற்குப் போய் வந்தால் டீசலுக்கும் சுங்கத்துக்கும் கொடுத்தது போக டயர் தேய்ந்ததுதான் லாபம். (வாங்குகிற கை வாடிப் போவதால்தான் அதற்கு வாடகை என்று பேர் போல.) ஏற்றுவதில்லை என்று பதினோரு பேரும் முடிவெடுத்தோம். முன்பு இரண்டு முறை வாய்ப்பேச்சை நம்பி ஏமாந்தோம், யாராவது ஒருத்தர் நைசாகக் கிளம்பிவிடுவார். அதனால் இந்த முறை எல்லாரும் வண்டிச் சாவியை டீக்கடை அக்காவின் வாளியில் போட்டோம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் போட்டது டூப்ளிகேட் சாவி. ஓட்டுகிற சாவி என் இடுப்பில்தான் இருந்தது. அம்மா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறாள், கேட்டால் முழுசாப் போட்டா தலை சுத்துதுங்க என்கிறாள், நான் என்ன செய்ய. ஏழாம் நாள் புரோக்கர் போன் பண்ணி, அண்ணே, உங்களுக்குன்னு ஒரே ஒரு லோடு வெச்சிருக்கேன், நாளைக்கு ஃபேக்டரிப் பின்கேட் வழியா வந்துடுங்க என்றான். சரி என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்த உன் தங்கை வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். என்னப்பா இது, பதினொண்ணும் புதுப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருக்கு, இதுல ஒண்ணாவது வண்டி ஓட்டியிருக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். வருஷக்கணக்கில் திருகின சாவி பல் மழுங்கித்தான் இருக்கும், அது டிரைவர் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். மொட்டை டிரைவர் வானத்தைப் பார்த்தார், சங்கத் தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். பதினோரு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. நான்தான் முதலில் இடுப்புச் சாவியை எடுத்துப் போட்டேன், புரோக்கர் கூப்பிட்டதையும் சொன்னேன். உடனே மொட்டை, யோவ், எனக்கும் அதே பின்கேட்டு, அதே ஒத்த லோடுதான்யா என்று தலையில் அடித்துக்கொண்டார். பார்த்தால் பதினோரு பேருக்கும் அதே லோடு! சிரித்தோம், சிரித்த வாயோடு தலைவர் அழுதுவிட்டார். மழுங்கின சாவி ஒவ்வொன்றாக வாளியில் விழுந்தது.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதம். நேற்று புரோக்கர் வந்து, சாவிய வெச்சு முதுகு சொறிஞ்சுக்கங்க, திங்கக்கிழமை வெளியூர் வண்டி இருபது வருது என்றான். யார் வண்டி என்று கேட்டேன். உன் முதலாளி பேரைச் சொன்னான்.

அந்த இருபது வண்டி ஏற்றிவிட்டால் இனி எல்லாருக்கும் அதுதான் வாடகை. நீ வரமாட்டேன் என்றால் உன்னை வேலையை விட்டு நிறுத்துவான், தெரியும். நீ அனுப்புவதில்தான் இங்கே அடுப்பு எரிகிறது, அதுவும் தெரியும். புள்ள பொழப்பையும் கெடுத்துட்டு என்னத்தச் சாதிக்கப் போறீங்க என்று அம்மா கேட்டாள். போனில் உன் குரலைக் கேட்டால் உன் இஷ்டம்ப்பா என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் பார்சல் வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். திங்கட்கிழமை சிமெண்டு ஃபேக்டரி கேட்டுக்குக் குறுக்கே முதல் ஆளாக நான் உட்கார்ந்திருப்பேன், யார் வண்டி வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். நீ பிரேக் போடுவாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போட்ட பிறகு நீயும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பார்ப்பது?

நீ எந்தக் குறையும் இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். வருவதானால் பஸ்ஸில் வா, நடந்து வா. வண்டியோடு வராதே.

இப்படிக்கு,
உன் அப்பா

(அண்ணா, அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவர் பக்கத்தில் அம்மாவும் உட்காரப் போகிறாள்.)